தம்பி பத்தாவது முடித்துவிட்டான்: ஐடிஐயா, பிளஸ் ஒன்னா, நேராகக் கம்பெனியா?

அரக்கோணம்_அக்கா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி இந்த வருஷம் பத்தாவது பாஸ். 500க்கு 268. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். தமிழ் 63, ஆங்கிலம் 44, கணக்கு 41, அறிவியல் 58, சமூக அறிவியல் 62. மதிப்பெண்ணை மறைத்துக் கேட்டால் சரியான பதில் வராது என்றுதான் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல். நான் பிகாம் முடித்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வந்துவிடும். ஆனால் அப்பாவின் வண்டியில் கிளட்ச் கேபிள் அறுந்தால் மெக்கானிக்குக்குக் காத்திருக்க மாட்டான். போன மாதம் மிக்ஸி ஓடாமல் நின்றுபோனது. அம்மா புதுசு வாங்கப் பணம் எடுத்து வைத்துவிட்டார். இவன் அடிப்பக்கத்தைக் கழற்றி, கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதைப் பார்த்து, கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வந்து மாட்டிவிட்டான். இப்போதும் அதில்தான் சட்னி அரைக்கிறோம்.

இப்போது வீட்டில் மூன்று பேச்சு ஓடுகிறது. பெரியப்பா பிளஸ் ஒன் சேர்க்கச் சொல்கிறார். "ஐடிஐ என்றால் நாளைக்குப் பெண் கேட்டுப் போக முடியாது" என்கிறார். தம்பி ஐடிஐதான் போவேன் என்கிறான், ஆனால் எந்தப் பிரிவு என்று கேட்டால் தெரியவில்லை. அப்பாவுக்கு மூன்றாவது வழியில்தான் மனசு. அவருடைய பழைய சவாரிக்காரர் ஒருவர் அம்பத்தூர் பக்கம் பிரஸ் ஷாப் (இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டி வளைக்கிற பட்டறை) வைத்திருக்கிறார். தம்பியை உடனே அப்ரெண்டிஸாக எடுத்துக்கொள்கிறாராம். மாதம் 9,000 ரூபாய். இரண்டு வருஷத்தில் பெர்மனென்ட், கூடவே அப்ரெண்டிஸ் சர்டிபிகேட்டும் தருவாராம். "ஐடிஐயில் இரண்டு வருஷம் சும்மா உட்காருவதற்கு, சம்பாதித்துக்கொண்டே கற்றுக்கொள்ளட்டுமே" என்கிறார் அப்பா. அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எனக்கு ஏதோ இடிக்கிறது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கரும்பலகை

அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நான். பிளஸ் ஒன் என்றால் கணிதம், உயிரியல், காமர்ஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பல அரசுப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின்பொறியியல், வேளாண் அறிவியல், நெசவுத் தொழில்நுட்பம் என்று பாடங்கள் உண்டு. பிளஸ் டூ சான்றிதழும் கையில் இருக்கும். அதிலிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம், பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறதா, ஒர்க்‌ஷாப் நிஜமாக இயங்குகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெயருக்கு மட்டும் நடக்கிற இடமாக இருந்தால் நானே ஐடிஐ போகத்தான் சொல்வேன்.


டூல்ரூம்_அம்பத்தூர்

தங்கச்சி, அந்த மூன்றாவது வழியைப் படித்ததும் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு 41 வயது. அம்பத்தூரில் ஒரு டூல்ரூமில் சூப்பர்வைசர். பிரஸ் டூல், அதாவது தகடு வெட்டுகிற அச்சு செய்கிற இடம். நானும் பத்தாவது முடித்து அரசு ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். உங்களுக்கு எது இடிக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் இதே மாதிரி ஒருவர் வாய்த்தார்.

ஐடிஐ முடித்தது 2002. மறு மாதமே ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். "அப்ரெண்டிஸாக எடுத்துக்கிறோம்பா, ரெண்டு வருஷம்" என்றார்கள். மாதம் 1,200 ரூபாய், கவரில் போட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்து வாங்கியது ஒரு நோட்டில். இரண்டு வருஷம் முடிந்த அன்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி டைப் அடித்துக் கொடுத்தார்கள். அதில் அப்ரெண்டிஸ் என்ற வார்த்தை இருந்தது. அதை பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தேன். அப்புறம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஆள் எடுத்தார்கள். ஐடிஐயோடு என்ஏசி என்கிற அரசு அப்ரெண்டிஸ் சான்றிதழும் கேட்டிருந்தார்கள். நான் அந்தக் கவரைக் கொண்டுபோய் நீட்டினேன். மேஜையில் இருந்த அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதிவு எண் எங்கேப்பா?" என்று கேட்டார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். எனக்கு அன்றுதான் அப்படி ஒரு எண் உண்டு என்பதே தெரியும்.

இது போகட்டும், இரண்டு வருஷம்தானே என்று விடலாம். அதே ஷாப்பில் என்கூட ஒருவன் இருந்தான். என்னைவிடச் சின்னவன், ஐடிஐ கூடப் படிக்கவில்லை, பத்தாவது முடித்து நேராக வந்தவன். உங்கள் தம்பி மாதிரிதான். பவர் பிரஸ்ஸில் இடது கையால் தகட்டைத் தள்ளி, காலால் பெடலை மிதிக்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் கை உள்ளே இருக்கும்போதே கால் மிதித்துவிட்டது. இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். அதோடு சரி. இழப்பீடு கேட்கப் போனபோது, அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. 18 வயது நிரம்பாத பையனைச் சரியான பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்பது அப்போது அமலில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்த விதி. எங்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தப் பையனின் அம்மா ஷாப் வாசலில் நின்றுகொண்டிருந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள்: கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது இல்லை. ஒப்பந்தம் பதிவாகுமா என்பதுதான்.

அப்ரெண்டிஸ் என்பது வாய்வார்த்தை இல்லை. 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி கம்பெனிக்கும் பையனுக்கும் ஒப்பந்தம் போட வேண்டும். வயது நிரம்பாதவன் என்றால் அப்பாவோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாகி அதற்கு ஒரு எண் வரும். என்ன டிரேட் (தொழிற்பிரிவு), எத்தனை மாதம், ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலத்து மாதத் தொகை) எவ்வளவு என்று அதில் இருக்கும். ஸ்டைபண்டுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. 2019 விதியில் பத்தாவது முடித்தவனுக்கு 6,000, ஐடிஐ முடித்தவனுக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்திருந்தார்கள். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அனுமதி வாங்காமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஆபத்தான தொழில் என்று வகைப்படுத்திய இடங்களில் 18 வயது ஆகாமல் எடுக்கவே கூடாது. டிரேட் அப்ரெண்டிஸ் என்றால் முடிவில் அகில இந்திய டிரேட் டெஸ்ட் எழுத வேண்டும். பாஸானால் வருவதுதான் என்ஏசி, தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழ். முதலாளி தன் லெட்டர்ஹெட்டில் கொடுப்பது அனுபவக் கடிதம். ஒன்றை இன்னொன்றாக நினைத்து நான் இரண்டு வருஷத்தை விட்டேன்.

அப்பா நம்பியிருக்கிற இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்ரெண்டிஸ் முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் கிடையாது. பெரிய கம்பெனிகளிலேயே ஒரு பேட்ச் வெளியே போகும், அடுத்த பேட்ச் உள்ளே வரும். "ரெண்டு வருஷத்தில் பெர்மனென்ட்" என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் தவிர கணக்கில் எடுக்காதீர்கள்.

நான் 21 வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு பெரிய தொழிற்சாலையில் முறையான அப்ரெண்டிஸ், ஒரு வருஷம். கூட இருந்த பையன்களுக்கெல்லாம் 18, 19. அங்கே என்னை டூல்ரூமில் போட்டது என் நல்ல நேரம். அப்ரெண்டிஸ் என்று எடுத்து அசெம்பிளி லைனில் நிறுத்திவிடுகிற இடங்கள் நிறைய. ஒரே நட்டை நாள் முழுக்க முடுக்குகிறவனுக்கு வருஷக் கடைசியில் அந்த நட்டு மட்டும்தான் தெரிந்திருக்கும். அதனால் பின்னால் தம்பி அப்ரெண்டிஸ் போகும்போது எந்தக் கம்பெனி என்பதோடு எந்த செக்‌ஷன் என்றும் கேட்கச் சொல்லுங்கள். மெயின்டனன்ஸ், டூல்ரூம், குவாலிட்டி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கிடைத்தால் விடக் கூடாது.

சரி, ஐடிஐயில் சும்மா உட்காருவார்கள் என்று அப்பா நினைப்பதற்கு வருகிறேன். உட்காரவே விட மாட்டார்கள்.

ஃபிட்டர் டிரேடில் முதலில் கையில் கொடுப்பது அரம். ஒரு துண்டு எம்எஸ் (மென் எஃகு) தகட்டை வைஸ் என்கிற பிடிகருவியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ராவிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவனுக்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் கை தானாகவே ஊஞ்சல் மாதிரி ஆடும், அதனால் நடுப்பகுதி மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் வரும். ஒரு பக்கம் ராவி முடித்ததும் எங்கள் சார் ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டம்) அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஒன்றுமே பேசாமல் ஜாப்பைத் திருப்பி என் வைஸில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு முதல் ஜாப்புக்குப் பதினோரு நாள் ஆனது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. பன்னிரண்டாம் நாள் அவர் தூக்கிப் பிடித்தபோது வெளிச்சம் தெரியவில்லை. "ம்" என்றார். அவ்வளவுதான். இன்றைக்கு எங்கள் இடத்தில் கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷினும் ஒயர்கட் மெஷினும் இருக்கிறது. ஆனாலும் அச்சின் மேல்பாதியான பஞ்சும் கீழ்ப்பாதியான டையும் கடைசியில் ஒட்டி உட்காருவதற்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கையால்தான் எடுக்கிறோம். அந்தக் கை பிரஸ் ஷாப்பில் தகடு தள்ளினால் வராது.

பணம் பற்றி. அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. தம்பி அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும், ஐடிஐ மாணவர்களுக்கும் அது உண்டு. 9,000 எங்கே, 1,750 எங்கே என்று அப்பா கேட்பார். கேட்கட்டும். நான் 1,200 ரூபாய்க்குக் கொடுத்த விலை அவருக்குத் தெரிந்தால் போதும்.

பழைய லேத்தும் துருப்பிடித்த டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு என்ன சொல்லித்தருவார்கள் என்ற பேச்சும் உண்டு. என் காலத்தில் அது உண்மை. இப்போது டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்க்கு மேம்படுத்தியிருக்கிறார்கள். சிஎன்சி, ரோபோ, மின்வாகனம் எல்லாம் வந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். புதுப் பிரிவுகளில் சில ஒரு வருஷப் படிப்பு. தம்பிக்கு இரண்டு வருஷ டிரேடாகவே பாருங்கள், ஏனென்றால் பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐடிஐ முடித்தால்தான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர முடியும். டிப்ளமோ முடித்தால் பிஇ இரண்டாம் ஆண்டு. பெரியப்பாவிடம் இந்தப் படிக்கட்டைச் சொல்லுங்கள். என் தங்கை வீட்டுக்காரர் இப்படித்தான் ஏறினார், இன்றைக்கு ஓசூரில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்.

இப்போதே நேராக பாலிடெக்னிக் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். கணக்கில் 41 எடுத்த பையனுக்கு முதல் வருஷத்துக் கணக்குத் தாள் கழுத்தைப் பிடிக்கும். ஐடிஐயில் ஒர்க்‌ஷாப் கணக்கு உண்டு, ஆனால் அது கையில் இருக்கிற இரும்போடு சேர்ந்து வரும். கணக்கு வராது என்று முடிவு கட்டியிருந்த எனக்கு வெர்னியர் அளவுகோல் பார்க்கத் தெரிந்த பிறகுதான் தசமம் புரிந்தது.

ஐசிஎஃப் ஞாபகம் வருகிறது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பத்தாவது முடித்தவர்களையே நேராக அப்ரெண்டிஸாக எடுப்பார்கள், ஐடிஐ வேண்டாம். 50 சதவீதம் கேட்பார்கள், தம்பி அதைத் தாண்டிவிட்டான். ஆனால் பத்தாவது மதிப்பெண் வரிசையில்தான் எடுப்பார்கள், 268க்குக் கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இப்படி ரயில்வேயில் அப்ரெண்டிஸ் முடித்து என்ஏசி வாங்கியவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 (கடைநிலைப் பணி) நேரடி நியமனத்தில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பிரஸ் ஷாப்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஒப்பந்தத்தைப் போர்ட்டலில் பதிவு செய்து எண் கொடுப்பீங்களா?" அவர் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் பதில் தெரிந்துவிடும்.


அரக்கோணம்_அக்கா

அண்ணா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். விரல் போன இடத்தில் அம்மா தையலை நிறுத்திவிட்டார். மறுநாள் அப்பாவே போன் போட்டார், ஸ்பீக்கரில்தான். நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டார். "அதெல்லாம் எதுக்குங்க, நம்ம வீட்டுப் பையன் மாதிரி பாத்துக்கறேன்" என்றார் அவர். அப்பா இன்னொரு தரம் கேட்டார். "பதிவு அது இதுன்னா எனக்குத் தோதுப்படாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, "உன் ஐடிஐக்கு என்னென்ன தாள் வேணும்னு அக்காகிட்ட கேட்டு எடுத்து வை" என்றார்.

இப்போது அடுத்த குழப்பம். ஃபிட்டரா, எலக்ட்ரிஷியனா, மோட்டார் வாகன மெக்கானிக்கா? வயர்மேன் என்றும் ஒன்று இருக்கிறது. தனியார் ஐடிஐ ஒன்றில் இருந்து தினமும் போன் வருகிறது, "சீட் முடியப் போகுது, அட்வான்ஸ் கட்டுங்க" என்று.


ஒயிண்டிங்_டீச்சர்

அரசு ஐடிஐ ஒன்றில் எலக்ட்ரிஷியன் பிரிவு பயிற்றுநர் நான். பதினாறு வருஷமாக இந்த வேலை. நான் படித்த காலத்தில் எங்கள் எலக்ட்ரிஷியன் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான், இப்போது என் வகுப்பில் ஆறு பேர். (இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு: புதுமைப் பெண் திட்டத்து 1,000 ரூபாய் ஐடிஐக்கும் உண்டு.)

போன் அடிக்கிற தனியார் நிலையத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். அந்த நிலையத்துக்கு மட்டும் இல்லை, நீங்கள் சேரப்போகிற அந்த டிரேடுக்கே என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிலையத்துக்கு இருக்கும், டிரேடுக்கு இருக்காது. அப்படிச் சேர்ந்த பையன்கள் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்துகொண்டு அழுவார்கள்.

டிரேடைப் பொறுத்தவரை, மிக்ஸியைக் கழற்றிய பையன் என்றதும் எனக்கு எலக்ட்ரிஷியன் என்றுதான் தோன்றியது. எங்களிடம் இரண்டு வருஷம். வீட்டு ஒயரிங்கில் தொடங்கி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒயிண்டிங், டிரான்ஸ்ஃபார்மர், கண்ட்ரோல் பேனல் வரை போகும். வயர்மேனும் இரண்டு வருஷம்தான், ஆனால் அதற்கு எட்டாவது போதும். பத்தாவது முடித்த பையன் எலக்ட்ரிஷியன் போவதுதான் நல்லது, கதவுகள் அதிகம். மின்வாரியக் கள உதவியாளர் பணிக்கு இந்த இரண்டு டிரேடையும்தான் கேட்பார்கள். கம்பம் ஏறிக் காட்ட வேண்டும், உயரம் பயம் என்றால் இப்போதே யோசிக்கட்டும். சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் தகுதிச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் என் தோன்றலை நம்பிச் சேர்க்காதீர்கள். பக்கத்து அரசு ஐடிஐக்கு ஒரு காலை நேரத்தில் தம்பியை அழைத்துப் போங்கள். அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்களைச் சுற்றிப் பார்க்கலாம், நாங்கள் யாரும் விரட்ட மாட்டோம். எந்த மெஷின் பக்கத்தில் அவன் கால் தானாக நிற்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரிஷியனுக்குப் போட்டி அதிகம் என்பதால் கலந்தாய்வில் இரண்டாவது மூன்றாவது விருப்பமும் மனதில் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், கட்டணம் 50 ரூபாய். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். சாதிச் சான்றிதழில் பெயரின் முதலெழுத்து மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள், வருஷா வருஷம் இதில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். என் வகுப்பில் நின்றுபோகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்தில்தான் நிற்பார்கள். எலக்ட்ரிஷியனானாலும் முதலில் அரம், ஹேக்ஸா, இடுக்கி இதெல்லாம் உண்டு. கால் கடுக்கும், கை எரியும், கூடப் படித்தவன் பிளஸ் ஒன்னில் வெள்ளைச் சட்டையோடு போவான். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது "அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையன் மறுநாள் வர மாட்டான். தேர்வு எழுத 80 சதவீதம் வருகை வேண்டும், விட்டால் பிடிப்பது கஷ்டம். உங்கள் பெரியப்பாவை அந்த மூன்று மாதம் மட்டும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.


கரும்பலகை

டீச்சரும் டூல்ரூம் தம்பியும் சொன்னதற்குப் பிறகு என் பக்கத்தில் சேர்க்க ஒன்றே ஒன்றுதான். ஐடிஐ போனால் பிளஸ் டூ இல்லாமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐடிஐ முடித்து, பிளஸ் டூ தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள் மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையாக எடுத்துக்கொள்கிறார்கள். தம்பி தமிழில் 63 எடுத்திருக்கிறான். ஆங்கிலத்தை மட்டும் விட்டுவிடாமல் வாரம் ஒரு நாள் நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.


அரக்கோணம்_அக்கா

டீச்சர், நேற்று அழைத்துப் போனேன். மோட்டார் வாகனப் பிரிவில் கொஞ்ச நேரம்தான் நின்றான். ஒயிண்டிங் மேஜையில் ஒரு பையன் ஸ்டேட்டரில் காயில் போட்டுக்கொண்டிருந்தான், நல்லா இருந்தது என்றான். ஆனால் ஃபிட்டர் செக்‌ஷனில்தான் கூப்பிடக் கூப்பிட வரவில்லை. அங்கே இருந்த சார் ஒரு அரத்தைக் கையில் கொடுத்து ராவிப் பார் என்றார். இவன் ராவினான். அவர் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அண்ணா எழுதியிருந்தது அப்படியே நடந்தது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெளிச்சம் நிறையவே தெரிந்தது. விண்ணப்பத்தில் முதல் விருப்பம் ஃபிட்டர், இரண்டாவது எலக்ட்ரிஷியன் போட்டிருக்கிறோம். சாதிச் சான்றிதழில் முதலெழுத்து மாறித்தான் இருந்தது டீச்சர். இ-சேவை மையத்தில் இன்று மனு கொடுத்துவிட்டேன்.

தம்பி ஏதோ கேட்க வேண்டுமாம், அவனே எழுதுகிறான்.

அண்ணா வணக்கம். நான்தான் அது. வகுப்பு ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் வீட்டில் ராவிப் பழகலாமா? எத்தனை இன்ச் அரம் வாங்கணும்? வீட்டில் வைஸ் இல்லை.


டூல்ரூம்_அம்பத்தூர்

தம்பி, வாங்காதே. வைஸ் இல்லாமல் ராவினால் கை தப்பாகப் பழகிவிடும், அதைத் திருத்த உன் சாருக்கு இரண்டு மாதம் ஆகும். அரம் எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள். அதுவரை ஒரு ஸ்டீல் ஸ்கேல் மட்டும் வாங்கிக்கொள். வீட்டில் இருக்கிற கதவு, ஜன்னல், அம்மாவின் தையல் மெஷின் ஷாஃப்ட், அப்பாவின் ஆட்டோ போல்ட், எல்லாவற்றையும் முதலில் கண்ணால் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுது. அப்புறம் அளந்து பக்கத்தில் எழுது. தினமும் பத்து. சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அம்பத்தூர் ரயில் ஏறி வா, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு.